யாவும் கற்பனையே – உபயம்: இளவரசர் யூசுபோவ்

தியேட்டரில் விளக்கை அணைத்தபின் திரையில் வரிசையாக வரும் எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. பாப்கார்ன் வாங்கப் போனவர் இருட்டில் மற்றவர் காலை மிதித்துக்கொண்டு சீட்டைத் தேடுகிற நேரம் அது. தணிக்கைச் சான்றிதழ், நன்றி கார்டு, விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை, புகை பிடித்தால் புற்றுநோய் வரும் என்று ஒவ்வொன்றாக ஓடி, 'இப்படத்தில் வரும் கதை, கதாபாத்திரங்கள், சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்ற வரியும் வந்து போகும். நியாயமாகப் பார்த்தால் அந்த வரிக்குக் கீழே, கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதுவார்களே, அதுபோல ஒரு பெயர் இருக்க வேண்டும். உபயம்: இளவரசர் பெலிக்ஸ் யூசுபோவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். தொழில்: கொலை.

தொழில் என்றது கொஞ்சம் அதிகம்தான். வாழ்நாளில் அவர் செய்ததாக ஒப்புக்கொண்டது ஒரே ஒரு கொலை. ஆனால் அந்த ஒன்றை வைத்தே ஐம்பது வருஷம் காலம் தள்ளிவிட்டார். புத்தகம் எழுதினார், பேட்டி கொடுத்தார், வீட்டம்மாவோடு கோர்ட் படியேறி ஹாலிவுட்டின் மிகப் பெரிய கம்பெனியைக் குப்புறத் தள்ளினார். நாங்கள் சொல்லப் போவது அத்தனையும் பொய் என்று சினிமாக்காரர்கள் முதல் காட்சிக்கு முன்பே எழுதிக் கொடுக்கும் வழக்கம் உலகமெங்கும் வேர்விட்டது அதற்குப் பிறகுதான்.

பெலிக்ஸ் ரஷ்யாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் வாரிசு. வாலிபத்தில் பெண் வேடமிட்டு ஒரு கேளிக்கை விடுதியில் பாடப் போனாராம். பாட்டுக்கு நல்ல வரவேற்பு. ஆனால் போட்டுக்கொண்டு போனது அம்மாவின் வைரங்கள். குடும்ப நண்பர்கள் நகையை அடையாளம் கண்டுபிடித்துவிட, கலைப்பயணம் அத்தோடு முடிந்தது. இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். எதையும் மறைத்து வைக்கத் தெரியாத மனிதர். பின்னால் கோர்ட்டில் அவருக்கு இடறியதும் இந்தக் குணம்தான். 1914-ல் ஜார் நிக்கலஸின் தங்கை மகள் இரினாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அந்தச் சமயம் ஜார் அரண்மனையில் கொடி கட்டிப் பறந்தவர் ரஸ்புதின். சைபீரியக் குடியானவர், தாடி வைத்த 'மகான்'. ஜாரின் ஒரே மகனுக்கு ரத்தம் உறையாத நோய். பெரிய டாக்டர்கள் கையை விரித்த இடத்தில் இவர் ஜெபம் செய்தால் பையன் தேறுகிறான் என்று ஜாரினா நம்பினார். பையன் பிழைத்தான், மந்திரிகள் பிழைக்கவில்லை. யாருக்குப் பதவி, யாருக்குக் கல்தா என்பதிலெல்லாம் சாமியாரின் கை இருப்பதாக ஊரே பேசியது. சாமியார்கள் ஆட்சி நடத்தும் சங்கதி நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1916 டிசம்பர் 29-ம் தேதி இரவு, மொய்கா கால்வாய்க் கரையில் இருந்த தன் அரண்மனைக்கு ரஸ்புதினை விருந்துக்கு அழைத்தார் பெலிக்ஸ். என்ன சொல்லி அழைத்தார் என்பதுதான் முக்கியம். இரினாவைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டினார். இரினாவோ அன்றைக்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கிரிமியாவில் இருந்தார். இல்லாத மனைவியைக் காட்டி வராத மனிதரை வரவழைத்தாயிற்று. மாடியில் இரினா வேறு விருந்தாளிகளோடு இருப்பதாகப் பாவனை காட்ட, கூட்டாளிகள் கிராமபோனைச் சுழலவிட்டார்கள். இசைத்தட்டு, 'யாங்கி டூடுல்'. அமெரிக்கர்களின் செல்லப் பாட்டு. பதினாறு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்தே வினை வரப்போகிறது என்று கிராமபோனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கீழ்த்தள அறையில் சயனைடு வைத்த கேக், சயனைடு கலந்த மதைரா ஒயின். ரஸ்புதின் தின்றார், குடித்தார், ஒரு பாட்டுப் பாடு தம்பி என்றும் கேட்டார். பெலிக்ஸ் கிட்டாரை எடுத்துப் பாடினார். விஷம் வேலை செய்யவில்லை, பாட்டும் வேலை செய்யவில்லை. கடைசியில் துப்பாக்கி. சுட்டதும் விழுந்தவர் எழுந்து முற்றத்துக்கு ஓடினார். அங்கே மறுபடி சுட்டார்கள். பிறகு உடலைக் கொண்டுபோய் உறைந்த ஆற்றில் இருந்த ஓட்டைக்குள் தள்ளினார்கள். நம்பியார்கூட எந்தப் படத்திலும் இத்தனை முறை எழுந்ததில்லை. இந்த வர்ணனை எல்லாம் பெலிக்ஸ் சொன்னது என்பதை மட்டும் ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தண்டனையாக அவரைச் சொந்தப் பண்ணைக்கு அனுப்பினார்கள். சில வாரத்தில் புரட்சி வந்து, தண்டித்தவர்களுக்கே வீடு இல்லாமல் போயிற்று. நகைகளையும் இரண்டு ரெம்பிராண்ட் ஓவியங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு தம்பதி நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பாரிஸில் இரினா, பெலிக்ஸ் இருவர் பெயரின் தலையையும் ஒட்டி 'இர்ஃபே' என்று துணிக்கடை வைத்தார்கள். கொஞ்ச வருஷம் ஓடி நின்றுபோனது. 1927-ல் பெலிக்ஸ் கொலைக் கதையைப் புத்தகமாகவே போட்டார். அதைப் பார்த்துக் கொதித்துப்போன ரஸ்புதினின் மகள் மரியா, என் அப்பாவைக் கொன்றதாக இந்த ஆளே எழுதியிருக்கிறான், நஷ்டஈடு கொடு என்று பாரிஸில் வழக்குப் போட்டார். ரஷ்யாவில் நடந்த அரசியல் கொலை எங்கள் எல்லைக்குள் வராது என்று தள்ளிவிட்டார்கள். கொலை செய்ததற்கு ஒரு பைசா கிடையாது. இதை மறக்க வேண்டாம்.

இப்போது கலிபோர்னியாவுக்கு வருவோம். 1932. மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் கம்பெனி, கர்ஜிக்கும் சிங்கத்தை முத்திரையாக வைத்திருக்கும் அதே எம்.ஜி.எம்., ரஸ்புதின் கதையை எடுக்கத் தீர்மானித்தது. பெரிய ஈர்ப்பு, பேரிமோர் குடும்பத்தின் மூன்று நட்சத்திரங்கள். ஜான் இளவரசர், லயனல் ரஸ்புதின், சகோதரி எதெல் ஜாரினா. மூவரும் சேர்ந்து நடித்த ஒரே பேசும்படம் இது. திரைக்கதை சார்லஸ் மக்ஆர்தர். இன்றைக்கு எழுதி நாளைக்கு ஷூட்டிங். நம்மூரில் இதற்கு ஆச்சரியப்பட யாரும் இல்லை. நடுவில் டைரக்டரையும் மாற்றினார்கள்.

தயாரிப்புத் தலைமை இர்விங் தால்பர்க். கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர். சாமியார் இளவரசியைக் கெடுத்தால் கதையில் காரம் ஏறும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அங்கே எழுத்தாளராக இருந்த மெர்சிடிஸ் டி அகோஸ்டா, இரினா ரஸ்புதினைப் பார்த்ததே கிடையாது, உயிரோடு இருக்கிறார், வழக்குப் போடுவார் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். கம்பெனி உடனடியாக நடவடிக்கை எடுத்தது. மெர்சிடிஸை வேலையை விட்டு நீக்கியது.

படத்தில் பெயர்களை மட்டும் மாற்றினார்கள். பெலிக்ஸ், 'செகோடியெஃப்' ஆனார். அவர் கல்யாணம் செய்யப்போகும் இளவரசி, 'நடாஷா'. ரஸ்புதின் அவரைச் சீரழிக்கிறார். அப்புறம் செகோடியெஃப் விஷ கேக் கொடுக்கிறார், கீழ்த்தளத்தில் கொல்கிறார், ஆற்றில் தள்ளுகிறார். மீசையை மட்டும் ஒட்டிக்கொண்டு மாறுவேடம் என்று வருகிற ஹீரோ மாதிரி. இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். படத்தின் தொடக்கத்தில் கம்பீரமாக ஒரு அட்டை போட்டார்கள்: இதில் வருகிற பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மற்றவர்கள் கொடூரமாகச் செத்துப்போனார்கள் என்று. வரலாற்றுப் படத்துக்கு ஒரு கெத்து வேண்டாமா? வக்கீல் தேடி அலைந்தாலும் கிடைக்காத ஒப்புதல் வாக்குமூலத்தை இருபதடி உயரத் திரையில், சிங்கத்தைக் கர்ஜிக்கவிட்டு, வாத்தியம் முழங்க வாசித்துக் கொடுத்தார்கள்.

பெலிக்ஸ் குதித்தார். ஆனால் அவர் என்ன வழக்குப் போட முடியும்? என்னைக் கொலைகாரனாகக் காட்டிவிட்டார்கள் என்றா? ஐந்து வருஷம் முன்புதான் அட்டை போட்ட புத்தகத்தில் அதே சங்கதியை விலைக்கு விற்றிருக்கிறார். கெடுவதற்கு மானம் மிச்சம் இருந்தது வீட்டில் ஒருவருக்குத்தான், இரினாவுக்கு. நியூயார்க் வக்கீல் பேனி ஹோல்ட்ஸ்மன் கையில் வழக்கு போனது. படம் 'ரஸ்புதின், பைத்தியக்காரத் துறவி' என்ற பெயரில் லண்டனிலும் ஓடியதால் லண்டனிலேயே போட்டார்கள். இடத் தேர்வும் லேசுப்பட்டதல்ல. இரினாவின் அம்மா, மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்குச் சித்தி மகள். மன்னர் கொடுத்த வீட்டில் விண்ட்சரில் குடியிருந்தார்.

1934-ல் விசாரணை. நீதிபதி ஏவரிக்கு எண்பதைத் தாண்டிய வயது, ஈரமில்லாதவர் என்று பேர். ஜூரிகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வேலை நேரத்தில் ஓசியில் எம்.ஜி.எம். படம். பெலிக்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, கேக் முதல் ஆறு வரை நடந்ததை விவரித்தார். கொலையை ஒப்புக்கொள்ளும் சாட்சியைப் பார்த்து, கொலையை நிரூபிக்கத் தேவையே இல்லாத ஒரு கோர்ட் தலையாட்டியது.

கம்பெனி வக்கீல் சர் வில்லியம் ஜோவிட் திறமைசாலி. பாவம், கையில் கிடைத்த சரக்கு அப்படி. நடாஷா வேறு, இரினா வேறு, எல்லாம் கற்பனை என்றார். செகோடியெஃப் என்பது பெலிக்ஸ்கூட இல்லை, கொலையில் கூட இருந்த கோமகன் திமித்ரியாகவும் இருக்கலாம் என்றார்கள். அப்பீலில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பலாத்காரத்துக்கு ஆளான பெண்மேல் தவறு எதுவும் இல்லையே, அவளைப் பற்றி அப்படிச் சொன்னால் அது எப்படி அவதூறு ஆகும்?

கேட்க எவ்வளவு முற்போக்காக இருக்கிறது! எடுத்தவர்களின் வக்கீல் வாயிலிருந்து வந்ததுதான் கோளாறு. அப்பீல் நீதிபதிகள் மசியவில்லை. அவள்மேல் தப்பே இல்லாவிட்டாலும் ஜனங்கள் ஒதுக்கிவைப்பார்கள், அந்த இழப்பு அவதூறுதான் என்றார் நீதிபதி ஸ்லெஸ்ஸர். சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்தலாம். இரினாவுக்கு நியாயம் கிடைத்தது, அது சரி. ஆனால் அந்த நியாயம் நின்றது ஊரின் அநியாயத்தைத் தோளாகக் கொண்டு. 1934-ல் லண்டன் ஊர் அப்படி இருந்தது. நம் தெருவுக்கு வருஷத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் எழுதினால் ஒரு வகை அவதூறு, வாயால் சொன்னால் வேறு வகை, சாதாரணமாக இரண்டாவதற்கு நஷ்டத்தைக் காட்டினால்தான் காசு. பேசும்படமோ அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. எழுத்தா, பேச்சா? பிலிமில் நிலையாகப் பதிந்து கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எழுத்துக்குச் சமம் என்று தீர்ப்பானது. சட்டப் படிப்பில் இன்றும் இந்த வழக்கைத்தான் படிக்கிறார்கள், தூங்காமல் படிக்கிற ஒன்றிரண்டு வழக்குகளில் இதுவும் ஒன்று.

ஜூரி கொடுத்தது 25,000 பவுன். அன்றைய மாற்றுக் கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்கும் மேல். அடுத்த வருஷம் நந்தனார் படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கியதற்கே இங்கே ஊர் வாயைப் பிளந்தது. இரினா ஒரு நாளும் நடிக்கவில்லை, ஒரு வசனம் பேசவில்லை, செட் பக்கம் போகக்கூட இல்லை. அமெரிக்காவிலும் வழக்கு வந்துவிடும் என்று பயந்து அங்கே தனியாகப் பெருந்தொகை கொடுத்து சமாதானம் பேசினார்கள். படத்திலிருந்து அந்தக் காட்சியை வெட்டி எறிந்தார்கள். அதனால் சாமியாரை அதுவரை தெய்வமாகக் கும்பிட்ட நடாஷா, ஒட்டுப்போட்ட பிரதியில் திடீரென்று காரணமில்லாமல் நடுங்குகிறார்.

இதிலிருந்து ஹாலிவுட் என்ன படித்தது? உயிரோடு இருப்பவரைப் பற்றி எடுக்கும்போது உண்மையைச் சொல்லவேண்டும் என்றா? கேட்பானேன். பொய்யைத் தாராளமாகச் சொல், அதற்கு முன்னால் 'இது பொய்' என்று ஒரு அட்டை போட்டுவிடு. அப்படித்தான் அந்த வரி கம்பெனிக்குக் கம்பெனி பரவி, கடல் தாண்டி, கோடம்பாக்கத்துக்கும் வந்து குடியேறியது. மணிரத்னத்தின் 'இருவர்' (1997) கற்பனைக் கதை என்றே சொல்லப்பட்டது. படம் பார்த்த தமிழர்களில் ஒருவராவது அந்த இருவர் யார் என்று பக்கத்து சீட்டில் கேட்டிருப்பாரா?

சிங்கத்தை அடக்கியது இரினா மட்டும் அல்ல. பாரிஸில் வழக்குத் தோற்ற மரியா ரஸ்புதின் சர்க்கஸில் சேர்ந்து, பைத்தியக்காரத் துறவியின் மகள் என்று விளம்பரம் போட்டு, நிஜச் சிங்கங்களை அடக்கிச் சம்பாதித்தார். 1935-ல் அமெரிக்காவில் ஒரு கரடி அவரைக் கடித்துக் குதறியது. அப்பாவைக் கொன்றவர் வீட்டுக்கு 25,000 பவுன், கொல்லப்பட்டவர் மகளுக்குக் கரடி. அவர் பின்னாளில் கப்பல் கட்டும் தளத்தில் கூலி வேலைக்குப் போனார்.

பெலிக்ஸுக்கோ கோர்ட் ருசி விடவில்லை. 1963-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி அந்தக் கொலையை நாடகமாகப் போட, எழுபத்தாறு வயதில் நியூயார்க் கோர்ட்டுக்குக் கிளம்பினார். என் அனுமதி இல்லாமல் என் சொந்த வாழ்க்கையை எடுத்துவிட்டார்கள் என்பது புகார். சொந்த வாழ்க்கை என்றது கொலையை. முப்பது வருஷம் முன்பு எல்லாம் கற்பனை என்று நிரூபிக்க ஒரு கம்பெனி தலைகீழாக நின்றதே, இந்த முறை கற்பனை ஒன்றும் பெரிதாகக் கலக்கவில்லை என்று காட்டினால் தப்பிக்கலாம் என்பது சட்டத்தின் நிலை. அதற்கு ஆதாரம் தேட டெலிவிஷன்காரர்கள் ரஷ்யா வரை போக வேண்டியிருக்கவில்லை. பெலிக்ஸ் எழுதிய புத்தகங்கள் இருந்தன. 1965-ல் ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.