நீலம் என்றால் நிம்மதி

எழுபதுகளில் எங்கள் மாயவரத்து வீட்டில் சர்க்கரை நோய்க்கு மொத்தம் ஐந்து நிறங்கள்தான்: நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல். கொல்லைப்புற மாடத்தில் ஸ்பிரிட் விளக்கு, மர இடுக்கி, கண்ணாடிக் குழாய், பெனடிக்ட் கரைசல் பாட்டில். பெரியப்பா 5 மில்லி கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்காதபடி சாய்த்துப் பிடித்துக் கொதிக்கவைப்பார். நீலம் நீலமாகவே நின்றால் அன்று இலையில் உருளைக்கிழங்கு உண்டு.

பெரும்பாலும் அது வழக்கில்தான் முடியும்.

“பச்சை தட்டுதே!” என்பார் பெரியம்மா.

“டியூப்லைட்டுல எல்லாம் பச்சையாத்தான் தெரியும். வாசல்ல கொண்டுபோய்ப் பாரு.”

வாசலில் நாலு பேர் பார்த்து, கடைசியில் நோட்டில் “ஒரு ப்ளஸ்” என்று ஏறும். செங்கல் நிறம் வந்தால் நாலு ப்ளஸ். டாக்டரும் அந்த நோட்டை வைத்தே இன்சுலினைக் கூட்டிக் குறைத்தார்.

அந்த நீலத்தின் யோக்கியதை பிற்பாடுதான் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 90-ம் நீலம், 170-ம் நீலம். ஆளைச் சாய்க்கும் 45-ம் அதே நீலம்தான். அதுவும் ராத்திரியெல்லாம் பையில் சேர்ந்த சிறுநீர், நேற்றைய பேப்பர் மாதிரி. சில விடியற்காலைகளில் பெரியப்பா பனியன் நனைய வேர்த்து, கை நடுங்க, வார்த்தை குழற உட்கார்ந்திருப்பார். குழாய் பளிச்சென்று நீலம் காட்டும். “சர்க்கரை சுத்தமா இல்லை, இது பித்தம்” என்று வீடே தீர்ப்புச் சொல்லும். பாவம் மனுஷன் என்று பெரியம்மா திருட்டுத்தனமாகக் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுப்பார். பித்தம் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஏம்ஸ் கம்பெனி ஒரு மீட்டரை இறக்கியிருந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தான் நோயாளி என்பதால் கிடைக்காத மீட்டரை, மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். மாயவரத்துக்கு அந்தச் சேதி வர வெகுகாலம் ஆயிற்று.

இப்போது பரம்பரைச் சொத்து என் பங்குக்கு வந்திருக்கிறது. மேசை டிராயரில் மீட்டர், புஜத்தில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார், தெருமுனையில் லேப். நிறத்தில் சண்டை போன இடத்தில் எண்ணில் சண்டை. ஒருநாள் வெறும் வயிற்றில் மீட்டர் 142 என்றது, சென்சார் 131, லேப் 126. இதில் யார் பொய்? யாரும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால் மீட்டர் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். அந்த வரம்புக்குள் 100-க்கு 95 அளவுகள் வந்தாலே பாஸ். லேப்பின் 126-க்கு மீட்டர் 108 முதல் 144 வரை எது சொன்னாலும் குற்றமில்லை. லேப் மட்டும் யோக்கியமா என்றால், எடுத்த ரத்தத்தை உடனே பிரிக்காமல் விட்டால் அதிலுள்ள அணுக்களே மணிக்கு ஐந்தாறு சதவீதம் சர்க்கரையைத் தின்று தீர்க்கும்.

மச்சினர் கதை இன்னும் விசேஷம். பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுகூட வாயில் போடாமல், விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்திப் பார்த்தார். 310! அக்கா கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். விரலில் ஒட்டிய பழச்சாற்றைப் பஞ்சு முழுக்க எடுப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி குத்தினால் 148. ஒரு ஸ்ட்ரிப் காசு தண்டம்.

சென்சார் ரத்தத்தையே பார்ப்பதில்லை; தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரைப் பார்க்கிறது. சாப்பிட்டதும் விறுவிறுவென்று ஏறும்போது அது ஐந்து பத்து நிமிஷம் பின்தங்கி வரும். அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் அளவு பொய்யாக இறங்கும். நடு ராத்திரி போன் அலற, “என்னங்க, 58 காட்டுது!” என்று மனைவி குளுக்கோஸ் டப்பாவோடு நிற்பாள். குத்திப் பார்த்தால் 121. ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்காமல் அம்புக்குறி மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் டாக்டர். நியாயம்தான். பெரியப்பா வேர்த்து உட்கார்ந்த அந்த விடியல்களில் இப்படியொரு பொய் அலாரமாவது அடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவருக்கு இருந்த ஒரு சௌகரியம் எனக்கு இல்லை. ஜாங்கிரி தின்றுவிட்டு அவர் அன்றைக்குக் குழாயைத் தொடாமல் இருந்துவிடுவார். என் அளவோ பெங்களூரில் இருக்கும் மகன் போனிலும் ஓடுகிறது.

“அப்பா, 214-ஆ? என்ன சாப்பிட்டீங்க?”

“மெஷின்ல 15 சதவீதம் முன்னப்பின்ன இருக்கும்டா.”

“அப்ப 246-ஆகூட இருக்கலாமேப்பா?”

தவறும் இரண்டு பக்கமும் போகும் என்பதை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ!