உச்சவரம்பு மீறலியல்: கிளாசிக் கார் ஏலங்களை முன்வைத்து

கிளாசிக் கார் ஏலத்தில் ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் செலவு உச்சவரம்பு மூவகைப்படும். அவையாவன: முந்தைய இரவு எழுதிய வரம்பு, ஏலக்கூடத்தில் நினைவிருக்கும் வரம்பு, வீட்டில் சொன்ன வரம்பு. மூன்றாவது புனைவிலக்கியம், மொழித்துறைக்கு விட்டுவிடுகிறோம். இரண்டாவதற்குச் சான்று கிடைக்கவில்லை.

முதலாவதே ஆய்வுக்குரியது. களம் கலிபோர்னியாவின் மான்டரே, காலம் ஆகஸ்ட். ஏலதாரர் ஒருவர் தம் வரம்பைத் திட்டவட்டமாகவே எழுதியிருக்கிறார் (விடுதிக் குறிப்புத்தாள், முன்பக்கம்). பின்பு, "சிவப்பாக இருந்தால் மட்டும்" என்று சற்றே உயர்த்தியிருக்கிறார் (மேலது, ஓரக்குறிப்பு). அதற்கும் பின்பு "இதுதான் கடைசி" என்று மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறார் (மேலது, பின்பக்கம், மை வேறு, கையெழுத்தில் நடுக்கம், தாள் நான்காகக் கிழிந்து குப்பைக்கூடையில் கிடைத்தது, ஒட்டிப் பதிப்பித்தவர் அறை துடைக்க வந்தவர், காப்பிக்கறையை வைத்துக் கணித்த காலம் காலை ஏழரை). "இதுவே கடைசி" என்றொரு பாடமும் உண்டு. தான், ஏ இரண்டில் எது மூலபாடம் என்று தெளியாமல், அவர் கடைசியில் எவ்வளவுக்குக் கேட்டார் என்று ஆராய்வது அறிவுலக ஒழுங்கன்று. இதற்குள் ஒரு முனைவர் பட்டமும் இரண்டு கருத்தரங்கமும் ஒரு ஜென்மப் பகையும் அடங்கியிருக்கின்றன.

தொன்மையை நிறுவாத கட்டுரை ஏற்கப்படாது. கி.பி. 193இல் ரோமின் காவற்படையினர் பேரரசையே ஏலம் விட்டனர். முகாமுக்குள் இருந்த சுல்பிசியானுஸ் வீரர் தலைக்கு 20,000 செஸ்டர்ஸ் வரை வந்தார். வெளியே நின்ற டிடியுஸ் ஜூலியானுஸ் ஒரே தாவலில் 25,000 என்றார். கூவியது போதாதென்று விரல்களாலும் காட்டினார் என்கிறார் காசியுஸ் டியோ. இன்று எண் அட்டை தூக்கும் கைகளுக்கு மூதாதை அவ்விரல்களே என்பது எம் துணிபு. ஜூலியானுஸ் 66 நாள் ஆண்டார், பிறகு கொல்லப்பட்டார். இன்றைய ஏல நிறுவனங்கள் கமிஷனைப் பணமாக மட்டும் வாங்குவது நாகரிக வளர்ச்சி.

கமிஷன் என்றதும் ஏலதாரர்கள் வேறு பக்கம் பார்ப்பது வழக்கம். 2018இல் மான்டரேயில் ஆர்எம் சாத்பீஸ் விற்ற 1962 ஃபெராரி 250 ஜிடிஓவுக்குச் சுத்தியல் விழுந்தது 4 கோடியே 40 லட்சம் டாலரில். கட்ட வேண்டி வந்தது 4 கோடியே 84 லட்சத்து 5 ஆயிரம். இடையிலுள்ள 44 லட்சத்து 5 ஆயிரத்துக்கு எந்தக் குறிப்புத்தாளிலும் இடம் ஒதுக்கப்படுவதில்லை. கையிருப்பு 1 லட்சம் டாலர், கமிஷன் 12 விழுக்காடு என்றால், கையை இறக்க வேண்டிய இடம் 89,285. வரியும் லாரி வாடகையும் தனி. இந்த வகுத்தல் கணக்கு அடிக்குறிப்பு எதுவும் கேட்காததால் ஆய்வுலகில் மதிப்புப் பெறவில்லை.

ஏலத்தில் வென்றவரே நஷ்டப்பட்டவர் ஆகக்கூடும் என்று எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து மூன்று பொறியாளர்கள் 1971இலேயே எழுதிவிட்டனர். ஏலக் கோட்பாட்டுக்காக மில்க்ரம், வில்சன் இருவரும் 2020இல் நோபல் பெற்றனர். கைகள் தூக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இவ்வாய்வின் இரண்டாம் பாகம், இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையே வரும் மௌனத்தைப் பற்றியது. அதற்கு நேரடிக் களஆய்வு தேவை. மானியம் வழங்குவோர் ஆகஸ்டுக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தொகைக்கு உச்சவரம்பு எதுவும் குறிப்பிட வேண்டாம்.