எனக்குக் கடன்பட்ட வங்கிக்கு

அனுப்புநர்: பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்ற ஃபிட்டர், வடக்கு உத்தர வீதி, ஸ்ரீரங்கம்.

பெறுநர்: என் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கி. (பெயர் வேண்டாம். கடன் வாங்கியவரைத் தெருவறியக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.)

பொருள்: தாங்கள் என்னிடம் பெற்ற கடன்.

ஐயா,

‘வங்கி எப்படி இயங்குகிறது’ என்று உங்கள் கிளையில் ஒரு வண்ணத் துண்டறிக்கை கொடுத்தார்கள். டோக்கன் எண் வருவதற்குள் மனப்பாடமே ஆகிவிட்டது. முக்கியமான ஒன்றை மட்டும் அதில் காணோம். நான் போடும் டெபாசிட், சட்டப்படி நான் உங்களுக்குக் கொடுக்கும் கடன். போட்ட பணம் வங்கியுடையது, கேட்கும்போது அதே தொகையைத் திருப்பித் தந்தால் போதும் என்று இங்கிலாந்தில் 1848-லேயே தீர்ப்பாகிவிட்டது.

இந்தக் கடனுக்கு எனக்கு வட்டி இரண்டரை சதவீதம். என் பணத்தில் கொஞ்சத்தை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்கிறீர்கள், கொஞ்சத்தை அரசுப் பத்திரத்தில் போடுகிறீர்கள், மிச்சத்தைக் கடன் விடுகிறீர்கள். சென்ற மாதம் வீட்டம்மாவின் இரட்டை வடத்தை அடகு வைத்து நானே வாங்கினேன், ஒன்பது சதவீதத்துக்கு. என் பணமே என்னிடம் ஆறரை சதவீதம் கூடுதலாக வந்து சேர்ந்தது. சம்பளம், கரன்ட் பில், வராக்கடன் எல்லாம் அதிலிருந்துதான் என்பது தெரியும், தப்பென்று சொல்லவில்லை. காந்தி மார்க்கெட் மண்டிக்காரர்கள் கேட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

என் வருத்தம் வேறு. நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்ச் சான்றுக்கு வந்தேன். கருவியில் பெருவிரலை வைத்தால் ரேகை விழவில்லை. அரம் பிடித்தே தேய்ந்த விரல். “கையத் தொடச்சிட்டு வைங்க தாத்தா” என்றது கவுன்டர் பெண். துடைத்தேன். “இன்னும் அழுத்துங்க.” அழுத்தினேன். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். “நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது, மெஷின்தான் ஒத்துக்கல” என்றது, பாவம்.

ஐயா, வங்கிகளும் சாகும். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்து எத்தனை குடும்பங்களை மூழ்கடித்தது! பக்கத்துக் கேரளத்தில் 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதற்குப் பிறகுதான் 1962-இல் டெபாசிட்டுக்குக் காப்பீடே வந்தது, அதுவும் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. இப்போது ஐந்து லட்சம். அதற்கு மேல் வைத்திருப்பவர் பாடு ரங்கநாதர் பாடு. நம்மூர்ப் பெயர் தாங்கிய திருச்சி யுனைடெட் வங்கிகூட அறுபதுகளில் இந்தியன் வங்கியோடு கலந்து பெயரிழந்தது.

எனவே, கடன் கொடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: வரும் நவம்பரில் தங்கள் உயிர்ச் சான்று, முகவரிச் சான்று, சமீபத்திய புகைப்படம் இரண்டு ஆகியவற்றோடு நேரில் வரவும். திண்ணையில் டோக்கன் தரப்படும். ஒன்றரை மணிக்கு மேல் வந்தால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் உறங்கும் ரங்கநாதரை எழுப்ப ஒரு முறை உண்டு, எனக்கும் அதுவே. யானை, பசு, வீணை மூன்றையும் கையோடு கூட்டி வரவும்.

இப்படிக்கு,
கடன் கொடுத்தவன்