இரண்டாம் பழச் சிக்கல்: ‘கரகாட்டக்காரன்–2’ தேவையா என்பது குறித்த ஒரு முன்னாய்வு

கங்கை அமரன் இயக்கி 1989-இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில், கவுண்டமணி இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோனது நம் கல்விப்புலத்தின் பெரும்பிழை. இரண்டாம் பாகம் எனும் கலைவடிவத்துக்குத் தமிழில் எழுந்த முழுமையான கோட்பாடு அது. காசு கொடுத்தவன் இரண்டு கேட்பான். எதிரில் நிற்பவனிடம் மிச்சமிருப்பது ஒன்றே. ஆகவே அதையே இரண்டாவது என்று சாதிப்பான். கவுண்டமணி ரசிகர், செந்தில் தயாரிப்பாளர். படத்தில் செந்திலுக்கு விழும் அடி மட்டும் நடைமுறையில் இடம் மாறி ரசிகருக்கு விழுகிறது.

சான்றுக்குப் பஞ்சமில்லை. 2005-இல் ‘சந்திரமுகி’, 2023-இல் அதன் இரண்டாம் பாகம். அதே பி.வாசு, அதே வேட்டையபுரம் அரண்மனை, அதே வடிவேலு. ரஜினிகாந்த் இருந்த இடத்தில் ராகவா லாரன்ஸ். செந்திலே நேரில் வந்திருந்தாலும் கோட்பாட்டை இத்தனை தூய்மையாகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்.

‘இந்தியன்’ விவகாரம் இன்னும் நுட்பமானது. 1996-லேயே தள்ளாத வயதுத் தியாகியாக இருந்த சேனாபதி, 28 ஆண்டு கழித்து 2024-இல் இரண்டாம் பாகத்தில் திரும்பிவந்து வர்மக்கலை காட்டுகிறார். வயதைக் கூட்டிப் பார்ப்பது திரையரங்க நாகரிகம் அல்ல என்பதால் விட்டுவிடுவோம். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது படத்தின் முடிவை. அங்கே மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் காட்டப்படுகிறது. இரண்டாவது பழம் எங்கே என்று கேட்டவனிடம் மூன்றாவது பழத்தின் படத்தைக் காட்டுவது செந்திலுக்கே தோன்றாத உத்தி.

‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் நன்றாக வந்ததே என்று எதிர்த்தரப்பு உடனே கை தூக்கும். எப்போதும் தூக்கும். 1972-இல் முதல் படம் எடுத்தபோது, மரியோ பூஸோவின் நாவலில் இருந்த இளமைக்கால வீட்டோவின் கதையை இயக்குநர் கப்போலா தொடவில்லை. 1974-இல் அதை எடுத்தார். அங்கே பழம் உண்மையிலேயே மிச்சமிருந்தது, யாரும் தின்றிருக்கவில்லை.

ஆகவே நம் கேள்வி: ‘கரகாட்டக்காரன்’ படத்தில் என்ன மிச்சம்? நாயகன் முத்தையாவும் நாயகி காமாட்சியும் தீமிதித்து ஒன்று சேர்ந்தாகிவிட்டது. இனி எடுத்தால், அவர்கள் மகன் சென்னையில் கணினி வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து கரகம் தூக்குவான். இளையராஜாவின் பழைய மெட்டுக்கு மேல் புது மத்தளத்தை ஏற்றி அடிப்பார்கள். இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, ஆரூடமும் தேவையில்லை. மேலும், நாதஸ்வரமும் பரதமும் மோதிக் காதலித்த ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) கதைதான் கிராமத்துக்கு இறங்கிக் கரகம் எடுத்தது என்று பலரும் சொல்வதுண்டு. ஏற்றுக்கொண்டால், ‘கரகாட்டக்காரனே’ ஓர் இரண்டாம் பாகம்தான். பெயரை மாற்றிக்கொண்டதால் பிழைத்தது.

ஆனாலும் ஒரு கேள்வி விடைபெறாமல் நிற்கிறது. படத்தில் கரகாட்டக் கோஷ்டி ஓட்டிவரும் கார் முன்பு சொப்பன சுந்தரி வைத்திருந்தது. அப்படியானால் சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்? திரைக்கதை இதைக் கேட்டதோடு சரி. 2023-இல் ‘சொப்பன சுந்தரி’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. அதிலும் ஒரு கார் இருந்தது. விடை இல்லை. இது ஒன்றுக்காக மட்டும் இரண்டாம் பாகத்தைப் பரிந்துரைக்கலாம் என்பது இவ்வாய்வின் முடிவு. அதற்கு முன் கவுண்டமணியை நேரில் சந்தித்துக் கேட்டுவரக் கள ஆய்வு உதவியாளர் ஒருவரைப் பணித்தோம். அந்தக் கேள்வியைப் படத்தில் கேட்டவர் பட்ட பாட்டை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, உதவியாளர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார்.