கல்தேருக்கு ஆர்.சி. கேட்டதில்லை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் ராஜகம்பீரன் மண்டபத்துக்கு, 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜராஜன் காலத்தில், கல்லிலேயே சக்கரமும் குதிரையும் சேர்த்தார்கள். மண்டபம் தேராகிவிட்டது. எந்த ஆர்.டி.ஓ.வும் விசாரிக்கவில்லை, 2004இல் யுனெஸ்கோவே பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

வெளியே நிற்கும் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி தந்த அடிப்படை விவரங்களை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று விலைப்பட்டியலே போட்டுவிட்டது. முன்னால் முட்டுக்கம்பி மாட்டுவதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாயிற்று. (கம்பி விற்பவருக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.)

ஆனால் கேஸ் கிட் மாட்டலாம். ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டும், அவ்வளவுதான். நம்மவர் கிட் மாட்டிய சேதியை டீக்கடைக்குச் சொல்வார், மச்சானுக்குச் சொல்வார், பூஜை போடும் குருக்களுக்குச் சொல்வார். நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பார். இன்சூரன்ஸுக்கு மட்டும் மூச்சு விடமாட்டார்.

கார் எங்காவது மோதியபிறகு, சர்வேயர் குனிந்து டிக்கியைத் திறக்கும்போதுதான் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரியவரும்.