லேகியம் முதலில், லட்டு பிறகு

கேள்வி: தீபாவளி என்றாலே துணிக்கடை, பலகாரம், விருந்தாளிகள் என்று ஒரே ஓட்டம். இதில் மன அமைதிக்கும் உடம்புக்கும் ஏது நேரம்?

பதில்: விடிவதற்கு முன்பே அந்த நேரத்தை முன்னோர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும்போது யாரும் செல்போனைத் தொட முடியாது, கையெல்லாம் எண்ணெய்! குளித்து வந்ததும் ஓர் உருண்டை லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிளறியது. வரப்போகும் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் வயிறு வாங்கி வைக்கும் முன்ஜாமீன்.

முழு அமைதிதான் வேண்டும் என்பவர்கள் பாலித் தீவைப் பார்க்கலாம். அங்குள்ள இந்துக்களின் புத்தாண்டு, ந்யெபி. முந்தின மாலை ஓகோ-ஓகோ என்ற பிரமாண்ட பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஆர்ப்பாட்டம் செய்யும். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் வேலை, விளக்கு, பயணம், கேளிக்கை எதுவும் கிடையாது. விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். 2018-இல் கைபேசி இணையத்தையும் நிறுத்தினார்கள். சுற்றுலாப் பயணியானாலும் விடுதியைத் தாண்டக் கூடாது.

நம் ஊரில் அவ்வளவெல்லாம் நடக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் டிவியை அணைத்துப் பாருங்கள். சிறப்புப் பட்டிமன்றம் நீங்கள் இல்லாமலும் நடக்கும்.