ஜன்னலைத் திறந்து வையுங்கள்

கம்பளிச் சட்டை அணிந்த ஒருவர், கையில் ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையுடன், முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்க, "கிராபிக்ஸ் கார்டு சூடானால் கலவரப்படாதீர்கள்; முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சாந்தமாக உபதேசிக்கும் வீடியோ ஒன்றை, கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும் ஒரு பிற்பகலில், அரியலூரில், முதுகோடு ஒட்டிக்கொண்ட பனியனுடன் உட்கார்ந்து கடைசிவரை பார்த்து முடித்த மனிதனுக்கு அந்தக் கம்பளிச் சட்டைக்காரர்மேல் எத்தகைய அபிப்பிராயம் உண்டாகுமோ, அது எனக்கு நேற்று உண்டாயிற்று. இதை எழுதும் இந்த நிமிஷம் வரையில் அது தணியவில்லை.

அவருடைய கணக்கில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சலுக்கு மூல காரணம். கார்டுக்குள் இருக்கும் சிப், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி அதிகமாக இருப்பேன் என்று சங்கற்பம் செய்துகொள்கிறதே தவிர, இத்தனையாவது டிகிரியில் நிற்பேன் என்று எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வித்தியாசம் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அவருடைய 20 டிகிரி அறையில் அது 65 டிகிரியில் நின்று சுகமாக வேலை செய்யும். என்னுடைய 40 டிகிரி அறையில் 85-ஐ நாடிப் போகும். உற்பத்தி செய்தவர்களோ பல கார்டுகளுக்கு 83 டிகிரி என்று ஓர் எல்லை வகுத்துத்தான் அனுப்புகிறார்கள். அதைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, எதிரி துப்பாக்கியை நீட்டுகிற சரியான சந்தர்ப்பத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். ஆகவே ஜன்னலைத் திறந்து அறையின் காற்றை வெளிக்காற்றுக்குச் சமமாக்குங்கள் என்கிறார் அவர். அவர் ஊர் வெளிக்காற்றுக்கு அது பொருந்தும். எங்கள் ஊர் வெளிக்காற்று உள்ளே வந்தால், கார்டு இருக்கட்டும், மேஜைமேல் இருக்கும் மோர்கூடச் சூடாகிவிடும்.

நிற்க. காசு செலவில்லாமல், திருப்புளியைக்கூடக் கையில் எடுக்காமல், பத்து டிகிரி குறைக்கும் உபாயம் ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன், அவசியம் சொல்லிவிடுகிறேன்.

விளையாடும்போது நம் கண் எங்கே இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தாயாருக்கு ஊர்க்கதை எப்படிக் காதில் ஏறாதோ, அப்படித்தான் திரையின் இடது மூலையில் கார்டின் உஷ்ணத்தைக் காட்டும் அந்தச் சிறிய பச்சை எண்ணை வைத்துக்கொண்ட நமக்கு எந்தக் கதையும் ஏறுவதில்லை. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற விளையாட்டு 2019 நவம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்தது. 1899-ஆம் வருஷத்துப் பனிமலை ஒன்றில், போலீசுக்குப் பயந்து ஓடிவந்த கொள்ளைக் கூட்டம் குளிரில் விறைத்துச் சாகக் கிடக்கும் காட்சியில் அது தொடங்குகிறது. மகா ரசிகர்கள் கண்ணீர் விட்ட காட்சி என்று கேள்வி. நான் கண்டதெல்லாம் 81, 82, 84. அந்தக் கூட்டத்து ஆர்தர் மார்கனின் தாடியில் பனி உறைவதை வரைந்து காட்டுவதற்காக என் வீட்டுக் கூடத்தில் ஒரு யந்திரம் வெந்துகொண்டிருக்க வேண்டும் என்ற நியாயம் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. அந்தப் பனியில் ஒரு பிடி வெளியே வந்திருந்தால் அவனுக்கும் நன்மை, எனக்கும் நன்மை.

இனி உபாயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை.

கார்டு சூடாவதற்குத் தூசியே காரணம் என்று எல்லா உபதேசிகளும் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் தூசி அடைந்தால் காற்று புகாது, உஷ்ணம் வெளியேறாது. சரி. ஆனால் எந்தத் தூசி? அவர்கள் சொல்லும் தூசி, கம்பளத்திலிருந்தும் பூனையிடமிருந்தும் உதிர்கின்ற சாது ஜாதி. தூரிகையால் தொட்டாலே பறந்துவிடும். எங்கள் தூசிக்குக் கோத்திரம் உண்டு. போன வாரம் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, அங்கே ப்ளோயர் அடிக்கிற தம்பி பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சற்று நேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீட்டுல பூச்சு வேல நடக்குதுங்களா?" என்று கேட்டான். நடக்கவில்லை. வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள்தாம் நடக்கின்றன.

அந்தச் சுண்ணாம்புக்கல் என்ன சாமானியமா? இன்று அரியலூர் நிற்கும் இந்தப் பூமி, கிரெட்டேஷியஸ் யுகத்தில் கடலடியில் கிடந்தது. சுமார் ஏழு கோடி வருஷங்களுக்கு முன் அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த கிரைஃபியா என்னும் சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் கொண்டிருக்கிறாரே, அதே கல்லங்குறிச்சிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்போர்டு என்ற துரையும் ஸ்டோலிச்கா என்ற பண்டிதரும் எங்கள் பக்கத்துப் பாறைகளையும் ஓடுகளையும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிப் படம் போட்டுப் பெரிய பெரிய சம்புடங்களாக வெளியிட்டார்கள். வாரணவாசியில் இவற்றுக்கென்றே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. செந்துறைப் பக்கம் 2009-இல் டைனோசர் முட்டைகளே அகப்பட்டதாக அறிவித்தார்கள். இத்தனை பிரசித்தி வாய்ந்த ஜீவராசிகளின் எலும்பும் ஓடும், வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, தார்ப்பாய் சரியாகப் போர்த்தப்படாத காரணத்தால் தெருவில் சிந்தி, அடுத்த லாரியின் சக்கரத்தில் அரைபட்டு, ஜன்னல் இடுக்கு வழியாகப் பிரவேசித்து, இறுதியில் என் கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளுக்கும் பின்னால் வந்து மோட்சம் அடைகின்றன. ஏழு கோடி வருஷம் பொறுமையாகக் கிடந்த சிப்பி, நான் ஒரு வாரம் ஓய்வாக விளையாடுவதைப் பொறுக்கமாட்டேன் என்றால் அதனிடம் என்ன வாதம் செய்வது?

ப்ளோயர் தம்பிக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் இந்தத் தூசி கார்டுக்குள்ளேயே கெட்டிப்பட்டுக் கான்கிரீட் ஆகிவிடும் என்பது அது. சிமெண்டுத் தூளைப் பொறுத்தவரை அவன் சொல்வதில் விஷயம் உண்டு. வெறும் சுண்ணாம்புக்கல் தூளோ அவ்வளவு சுலபத்தில் சிமெண்டாகிவிடாது. களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி அளவுக்குச் சூளையில் வேகவைத்துக் கிளிங்கராக்கி, பிறகு ஜிப்சம் சேர்த்து அரைக்கவேண்டும். என் கார்டு 83-இல் நிற்கிறது. இன்னும் 1367 டிகிரிதான் பாக்கி. இப்போதைய விளையாட்டுகள் போகிற போக்கில் அதையும் எட்டிவிடும் என்றே தோன்றுகிறது. அப்புறம் நான் வேலைக்குப் போகவேண்டிய அவசியம் இராது, மூட்டை போட்டு விற்கலாம்.

இதைப் பெரம்பலூரில் இருக்கும் என் மைத்துனரிடம் சொன்னேன். அவரும் நம் இனத்தைச் சேர்ந்தவர்தாம். பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர். அவருக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது. "மாமா, உங்க ஊரு தூசியாச்சும் வெள்ளையா இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. எங்க ஊர்ல கரிசல் மண்ணு. கருப்புக் கேபினெட்ல கருப்புத் தூசி, ஃபேன் நின்னாத்தான் தெரியும்" என்றார். அதோடு விட்டாரா? மக்காச்சோளம் அடிக்கிற பருவத்தில் ரோட்டிலேயே காயப்போட்ட கதிரிலிருந்து பறக்கிற சுணை, பட்டறையிலிருந்து எடுத்துத் தரம் பிரிக்கிற சின்ன வெங்காயத்தின் சருகு, பருத்திப் பஞ்சு என்று வரிசையாக எடுத்துவிட்டார். வெங்காயச் சருகு விசிறியில் சிக்கினால் வருகின்ற கிறீச்சென்ற சத்தத்தை அவர் வாயாலேயே செய்து காட்டியபோது, ஏதோ வித்துவானின் சங்கதிக்குத் தலையசைப்பதுபோல் நானும் தலையசைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எந்த ஊர்த் தூசி உசத்தி என்று நாங்கள் இருவரும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தர்க்கம் செய்தோம். சாத்தனூர் தங்கள் பக்கம்தானே என்று அவர் திடீரென்று ஒரு பாணம் விட்டார். 1940-இல் பூகர்ப்ப சாஸ்திரி எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த கல்மரம், 18 மீட்டர் நீளம், 12 கோடி வயது. அதையும் தூசியும் சேறும்தானே மூடிக் கல்லாக்கின என்பது அவர் கட்சி. மரத்துக்கு நேர்ந்தது கேபினெட்டுக்கும் நேரும். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தோண்டியெடுத்து, உள்ளே மூன்று விசிறி கொண்ட ஒரு விநோதப் பிராணி இருந்ததாக எழுதுவார்கள் என்றார். அரசாங்கம் எங்கள் இரண்டு ஊர்களையும் 2001-இல் பிரித்து, 2002-இல் சேர்த்து, 2007-இல் திரும்பவும் பிரித்து இரண்டு ஜில்லாக்களாக வைத்திருக்கிறது. தூசி அந்த உத்தரவுகள் ஒன்றையும் மதித்ததாகத் தெரியவில்லை.

பழைய வேட்டித் துணியைக் கேபினெட்டின் முகத்தில் கட்டி வடிகட்டலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தூசி வரவில்லை, காற்றும் வரவில்லை. அத்தோடு அது முடிந்தது.

வோல்டேஜைக் குறைத்து ஓட்டுகிற அண்டர்வோல்ட் வித்தையும் இருக்கிறது. சிப் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தை அனுசரித்தது. ஆகவே வோல்டேஜைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது, வேகமோ பெரிதாகக் குறைவதில்லை. நல்ல வித்தைதான், செய்துகொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லவந்த உபாயம் அது அல்ல.

"ஏசி போட்டால் தீர்ந்தது" என்பார்கள் சென்னைவாசிகள். எங்கள் வீட்டில் ஏசி ஒன்றுதான், அது படுக்கையறையில் இருக்கிறது, கம்ப்யூட்டரை அங்கே மாற்றலாமா என்று நான் வாய் திறந்ததுதான் தாமதம், "ஏன்டா, பெத்தவ கூடத்துல டேபிள் ஃபேன் காத்துல கெடக்கறா, இந்தப் பொட்டிக்கு ஏசி கேக்குதா?" என்று என் தாயார் கேட்டுவிட்டார். பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆனால் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். 300 வாட் தின்னும் கம்ப்யூட்டர் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். மணிக்கு ஒன்றரை யூனிட் தின்னும் ஏசி அதே மூன்று மணி நேரம் ஓடினால் 270. சர்க்கார் இலவசமாகக் கொடுப்பது நூறு. அதிலும் ஒரு விசேஷம்: ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற ஒரு கார்டு தின்னுகிற 170 வாட்டும் கடைசியில் உஷ்ணமாகத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது, அதை ஏசி மறுபடி காசு வாங்கிக்கொண்டு தெருவில் கொண்டுபோய் விடுகிறது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் உஷ்ணம் போதாது போலும்! 2022-இல் வந்த 4090 கார்டுக்கு 450 வாட் என்கிறார்கள். அதை அரியலூரில் வாங்கினவர் யாரேனும் இருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம். வெயில் தெய்வ சங்கற்பம், சிப்பிகள் பூர்வகுடிகள், தாயார் சொல் மந்திரம். சகிக்க முடியாதது ஒன்றுதான், அதைச் சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. விளையாட்டைத் தொடங்கினவுடன் வருகிற முகப்புப் பக்கம் இருக்கிறதே, 'ஆரம்பி', 'அமைப்புகள்', 'வெளியேறு' என்று மூன்று வார்த்தை மட்டும் எழுதி, பின்னணியில் ஒரு பழைய கொடி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் பக்கம், அங்கே கார்டு ஏன் விளையாட்டில் இருப்பதைவிட அதிகம் கொதிக்கிறது? வரைவதற்கு வேலை கொஞ்சம். கட்டுப்பாடு ஒன்றும் விதிக்கப்படவில்லை. ஆதலால் அந்த ஒரே கொடியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, என் கண்ணும் காணாத, திரையும் காட்டாத வேகத்தில், கார்டு மூச்சிறைக்க வரைந்து தள்ளுகிறது. நான் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் 83. இது அரியலூர்க்காரனின் வீண் புலம்பலும் அல்ல. 2021-இல் அமேசானின் 'நியூ வேர்ல்டு' சோதனை வெளியீட்டின்போது விலையுயர்ந்த 3090 கார்டுகள் சில செத்தே போயின. கார்டுகளின் பற்றவைப்பில் குறை இருந்ததாகத் தயாரித்தவர்கள் பிறகு சொன்னார்கள் என்பது வாஸ்தவம், ஆனால் விளையாட்டை ஆக்கினவர்களும் உடனே முகப்புப் பக்கத்துக்கு ஒரு ஃபிரேம் வரம்பு போட்டார்களா இல்லையா? போட முடியும் என்று அப்போதே ருசுவாகிவிட்டது. ஒரு வரி நிரல்; அதை எழுத ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் போதாதா?

ஆகையால் விளையாட்டுகளை ஆக்கும் மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம். பனியை எத்தனை அழகாக வேண்டுமானாலும் வரையுங்கள், நாங்கள் பார்க்கப்போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டாம். அந்த முகப்புப் பக்கத்துக்கு மட்டும் விநாடிக்கு முப்பது ஃபிரேம் போதும். கொடி ஆடாவிட்டாலும் பாதகமில்லை.